சைக்கிள் சந்தேகம்: ராத்திரி முழுக்க மண் ரோட்டுல மிதிக்கப் போறீங்களா?

போன இதழ்ல பைக்பேக்கிங் பத்தி நாலு வரி எழுதினேன், அதாவது வேண்டிய சாமான் எல்லாத்தையும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டு தார் ரோட்ட விட்டு இறங்கி மண் பாதையிலயே ராத்திரி பகலா போறது, அதுக்கு மதுரைச் சுத்துப்பட்டுல இருந்து இம்புட்டு கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். சில பேர் பேர் போட வேணாம்னாங்க, அதனால யாருக்குமே போடல.

வயசு 34, பேங்க்ல வேலை. நண்பர்கள் சேர்ந்து வர்ற தை மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு நாகமலை புதுக்கோட்டையில கிளம்பி மேலக்கால், சோழவந்தான், பேரணை, வைகை அணைப் பக்கம் போயி உசிலம்பட்டி வழியா ஞாயித்துக்கிழமை மத்தியானம் 12-க்குள்ள திரும்புறதுன்னு சவால் விட்டு வச்சிருக்கோம். சுமார் 160 கிலோமீட்டர், முடிஞ்ச வரைக்கும் கண்மாய்க் கரை, கால்வாய்க் கரை, வண்டிப்பாதை. இப்ப தார் ரோட்டுல 40 கிலோமீட்டர் சிரமமில்லாம ஓட்டுவேன். மூணு மாசம் இருக்கு, எங்க ஆரம்பிக்க?
— திருப்பரங்குன்றம் வாசகர்

தம்பி, முதல்ல ஒரு பேப்பர்ல கணக்கு போடுங்க. தார் ரோட்டுல நீங்க 20-ல போனாலும் மண்ணுல, மூட்டையோட, இருட்டுல, 11 கிலோமீட்டர் வேகம் வந்தாலே பெருசு. 160-ஐ 11-ஆல வகுத்தா பதினாலரை மணி நேரம் வெறும் மிதி மட்டும். உங்ககிட்ட இருக்கிறது 20 மணி நேரம், மிச்சம் அஞ்சரை மணிக்குள்ள சாப்பாடு, பஞ்சர், வழி தப்பி திரும்புறது, டீ, தூக்கம் எல்லாம் அடங்கணும். டீக்கடையில உக்காந்து அரட்டை அடிக்கிற அரை மணி நேரத்த மிதிச்சு மீட்கணும்னா முழி பிதுங்கிரும், அதனால வேகத்த கூட்டுறத விட நிக்கிற நேரத்த குறைக்கப் பழகுங்க.

அடுத்தது தை மாசத்துல நம்ம ஊர்ல ஆறேகாலுக்கெல்லாம் பொழுது அடஞ்சு காலையில ஆறரைக்குத்தான் விடியும், ஆக உங்க 20 மணி நேரத்துல 12 மணி நேரத்துக்கு மேல இருட்டுதான். கால்ல பலம் ஏத்த மூணு மாசம் தாராளம். ராத்திரிக்குப் பழகத்தான் ஆரும் நேரம் ஒதுக்குறதில்ல, எல்லாரும் காலையில அஞ்சு மணிக்கு ரிங் ரோட்டுல ஓட்டிட்டு அதுதான் பயிற்சின்னு நினைச்சுக்கிறாய்ங்க. வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம் சும்மா ஓட்டுங்க, ஞாயித்துக்கிழமை நீள ஓட்டம், அத 40, 45, 50-ன்னு பைய ஏத்துங்க, மூணு வாரம் ஏத்துனா நாலாவது வாரம் குறைங்க. ரெண்டாவது மாசத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மேல கிளம்பி உங்க ஊர்ப்பக்கமே தென்கால் கண்மாய், கீழக்குயில்குடி சமணமலை அடிவாரம்னு மூணு நாலு மணி நேரம் மண்ணுலயே ஓட்டுங்க, அதுவும் அன்னிக்கு கொண்டு போற அதே பை, அதே லைட்டு, அதே செருப்போ ஷூவோ அதோட. மறுநாள் காலையில திரும்ப ஒரு ரெண்டு மணி நேரம், களைச்ச காலோட. கடைசிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி 100 கிலோமீட்டர் மண்ணுல போயிட்டு வந்துட்டா போதும், 160-ஐ ஒத்திகையிலயே ஓட்டிப் பாக்க வேணாம். கடைசி பத்து நாள் காலுக்கு ஓய்வு, அந்த வாரம் நல்லா தூங்குங்க.

என்கிட்ட கியர் இல்லாத சைக்கிள் இருக்கு, போதுமா? புதுசு வாங்குனா எது? டியூப்லெஸ் போடணும்னு சொல்றாங்களே?
— செக்கானூரணி, அலங்காநல்லூர், இன்னும் பல பேர்

கியர் இல்லாம இந்த தூரத்த ஓட்டுறவங்க இருக்காங்க, நீங்க அந்த ரகமான்னு நாகமலை அடிவாரத்து ஏத்தத்துல ஒரு தடவை மூட்டையோட ஏறிப் பாத்தா தெரிஞ்சுரும். வாங்குறதா இருந்தா 29 இன்ச் வீலு, ரெண்டு இன்ச்சுக்கு மேல அகல டயர், டிஸ்க் பிரேக்கு, பின்னாடி பெரிய பல்சக்கரம் முன்னாடி பல்சக்கரத்த விட பெருசா இருக்கணும் (முன்னாடி 32 பல்லு, பின்னாடி 42-க்கு மேலன்னா நம்ம ஊருக்கு நல்லா ஏறும்). சஸ்பென்ஷனுக்கு காசு கொட்டாதீங்க, மலிவு சஸ்பென்ஷன் வெறும் எடைதான். அந்தக் காச டயருக்குப் போடுங்க.

ஏன்னா நம்ம பக்கம் எதிரி யாருன்னு கேட்டா சீமைக் கருவேலமும் நெருஞ்சியும்தான். வெளிநாட்டு வீடியோவுல கல்லு, வேரு, பனின்னு என்னத்தையோ சொல்லுவாங்க, இங்க கண்மாய்க் கரையில எவனோ கருவேலத்த வெட்டி முள்ளை ஓரமா தள்ளிட்டுப் போயிருப்பான், அது காய்ஞ்சு மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு கெடக்கும். நெருஞ்சி முள்ளு சின்னது, குத்துனா அங்கயே நிக்கும், கையால தட்டி எடுத்துரலாம். கருவேல முள்ளு அப்படி இல்ல, டயருக்குள்ள ஏறினதும் வெளிய இருக்கிற பாகம் முறிஞ்சு போயி நுனி மட்டும் ரப்பருக்குள்ள உக்காந்துக்கும், வெளிய இருந்து பாத்தா கருப்பா ஒரு புள்ளி, அம்புட்டுத்தான். இத பாக்காம டியூப்ப மட்டும் மாத்தி காத்தடிச்சா அரை கிலோமீட்டர்ல புது டியூப்பும் போச்சு. வெறும் விரல விட்டுத் தேடாதீங்க, கிழிச்சுரும், ஒரு பழைய துணிய டயருக்கு உள்பக்கம் சுத்திலும் இழுத்தீங்கன்னா முள்ளு இருக்கிற இடத்துல நூல் மாட்டி நிக்கும், அங்க ஒரு சின்ன பிளையர் வச்சு உள்பக்கமாவே இழுத்து எடுக்கணும். இத பகல்ல வீட்டுத் திண்ணையில ஒரு தடவை, ராத்திரி நெத்தி லைட்டு வெளிச்சத்துல ஒரு தடவை செஞ்சு பழகிக்கங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்காக எந்த பஞ்சர் கடையும் திறந்திருக்காது.

டியூப்லெஸ் நல்லது, தாராளமா போடுங்க. 29 இன்ச் டயருக்கு 100 மில்லி அளவுக்கு சீலன்ட் ஊத்துனா சின்ன முள்ளு ஓட்டைய தானா அடச்சுக்கும், ஓடிக்கிட்டே இருக்கலாம். ஆனா அது ரப்பர் பால், நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காய்ஞ்சு தோசைத் துண்டு மாதிரி உள்ள ஒட்டிக்கெடக்கும், அதனால கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி புதுசா ஊத்துங்க. டியூப்லெஸ்ஸா இருந்தாலும் ரெண்டு டியூப்பு கையில இருக்கணும். காத்து: 70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ்னா 20-ல இருந்து 24 பிஎஸ்ஐ, டியூப்புன்னா 30 கிட்ட, அதுக்குக் கீழ போனா கல்லுல இடிச்சு ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப்பு மாட்டி ரெண்டு பல்லு பட்ட மாதிரி கிழியும்.

எங்க பக்கம் எல்லாம் கரிசல். மழை பேஞ்சா என்ன பண்ண?
— டி. கல்லுப்பட்டி வாசகர்

அண்ணே, கரிசக்காட்டுக்காரர் நீங்க கேக்குற கேள்வியா இது! மழை பேஞ்ச கரிசல்ல சைக்கிள் ஓட்டவே முடியாது. பத்து மீட்டர்ல சக்கரம் அகலமாகும், இருபது மீட்டர்ல சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல களிமண் இறுகி சுத்துறதே நின்னுரும், அதையும் மீறி அழுத்தி மிதிச்சா பின்னாடி கியர் தொங்குற கம்பி, டிரெய்லியர்னு (derailleur) சொல்லுவாங்கல்ல, அது முறிஞ்சு ஸ்போக்குக்குள்ள போயிரும். அதுக்கு அப்புறம் ஒட்டுன மண்ணோட சைக்கிள தோள்ல தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, திருமங்கலம், பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் ரூட்டு போட்டா ஒவ்வொரு கரிசல் துண்டுக்கும் பக்கத்துல இருக்கிற தார் ரோட்ட முன்னாடியே குறிச்சு வச்சுக்கிறது, மழை வந்தா யோசிக்காம அதுல ஏறிடணும். ரெண்டு, மாசத்த பாத்து வைக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில, அதாவது அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்மள நனைக்கும், தை, மாசின்னா மண்ணு இறுகி ராத்திரி குளுமையா இருக்கும், சித்திரைக்கு மேல யாரும் முயற்சி பண்ணாதீங்க. மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண்ணு மழைக்கு அப்புறமும் சீக்கிரமா தண்ணி வாங்கிரும், அங்கிட்டு போட்டா தொல்லை கம்மி. சைக்கிள்ல ஒரு ஓரமா ஒரு சாண் மூங்கில் குச்சி செருகி வைங்க, மண்ணு நோண்ட அத விட நல்ல சாமான் கெடையாது.

என் வீட்டுக்காரரு இந்த ராத்திரி சைக்கிள் கூட்டத்துல சேந்துட்டாரு. ரெண்டு சந்தேகம். வழியில திங்க என்ன கட்டிக் குடுக்கலாம்? நானும் என் தம்பியும் பைக்ல பின்னாடியே டீ பிளாஸ்க்கோட போகலாமா?
— விளாங்குடி வாசகி

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில், தங்கச்சி: கூடாது. உங்க அன்பு புரியுது, ஆனா வழியில சொந்த ஆளுக உதவி வாங்கக் கூடாதுங்கிறதுதான் இந்த ஓட்டத்தோட ஒரே விதி. கனடாவுல பான்ஃப்ல கிளம்பி அமெரிக்கா முழுக்க மலையோட மலையா இறங்கி மெக்சிகோ எல்லையில முடியுற டூர் டிவைட்னு ஒரு சைக்கிள் ஓட்டம் 2008-ல இருந்து நடக்குது, 4,000 கிலோமீட்டருக்கு மேல, அதுலயும் இதே கதைதான்: கடையில வாங்கிக்கலாம், லாட்ஜ்ல தங்கலாம், ஏன்னா அது எல்லாருக்கும் கெடைக்கிறது. வீட்டு ஆளு வந்து தனக்கு மட்டும் குடுக்குறது கூடாது. அதனால உசிலம்பட்டியில நீங்க பிளாஸ்க்கோட நிக்கக் கூடாது, ஆனா அங்க இருக்கிற டீக்கடையில அவரு பத்து டீ குடிச்சுக்கலாம்.

கட்டிக் குடுக்குறத அவரு கிளம்பும்போதே எடுத்துக்கிட்டுப் போகலாம், அது விதிக்கு உட்பட்டது. நம்மள்ட்ட இல்லாத கட்டுச்சோறா! புளியோதரைக்கு மிஞ்சி எதுவும் இல்ல: புளி, நல்லெண்ணெய், உப்பு மூணும் சேந்து மறுநாள் வரைக்கும் கெடாம வச்சிருக்கும், வேர்வையில போற உப்பும் திரும்பக் கிடைக்கும். நல்லா ஆறவிட்டு, தேங்காய் சேக்காம, கைக்கு ஒரு உருண்டையா வாழை இலையில மடிச்சு குடுங்க, ஸ்பூனு தேடிக்கிட்டு நிக்க வேணாம். இந்த மாதிரி நீள ஓட்டத்துக்கு மணிக்கு 40-ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போய்க்கிட்டே இருக்கணும், 100 கிராம் சோத்து உருண்டையில சுமார் 28 கிராம், ஒரு நல்ல வாழைப்பழத்துல 20, 25 கிராம் இருக்கும், மிச்சத்துக்கு கோவில்பட்டி கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், கருப்பட்டித் துண்டு. பசிச்சப்புறம் திங்கலாம்னு இருந்தா ராத்திரி ஒரு மணிக்கு மேல வயிறு எதையும் ஏத்துக்காது, அதனால அவரு போன்ல முக்கால் மணிக்கு ஒரு அலாரம் வச்சு விடுங்க, அடிக்கும்போதெல்லாம் பசிச்சாலும் பசிக்காட்டாலும் ரெண்டு வாய். ஒத்திகை ராத்திரிகள்லயும் இதே சாப்பாட்டத்தான் குடுக்கணும், புதுசா எதையும் அன்னிக்கு சோதிச்சுப் பாக்கக் கூடாது.

தண்ணி மணிக்கு அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர், தை மாசக் குளுருல தாகமே தெரியாது, இருந்தாலும் குடிக்கணும். அதுக்காக வெறும் தண்ணிய லிட்டர் லிட்டரா ஊத்துனாலும் ஒடம்புல உப்பு கரைஞ்சு தலை சுத்தும், வாந்தி வரும். மெடிக்கல்ல விக்கிற ஓஆர்எஸ் பொட்டலம், லிட்டருக்குன்னு எழுதியிருந்தா ஒரு லிட்டர் தண்ணியில முழுசா ஒண்ணு, பாதி தண்ணியில கலக்கக் கூடாது. சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி நீராகாரம் ஒரு சொம்பு குடுங்க, அது நம்ம தாத்தா காலத்து ஓஆர்எஸ். கால்வாய்த் தண்ணிய, அது எம்புட்டு தெளிவா ஓடுனாலும், குடிக்க வேணாம்னு சொல்லி அனுப்புங்க. அப்புறம், ராத்திரி பரோட்டாக் கடைய கண்டதும் நம்ம ஆளுகளுக்கு கை நடுங்கும், நாலு பரோட்டா சால்னாவோட உள்ள போச்சுன்னா அடுத்த ரெண்டு மணி நேரம் சைக்கிள் நகராது, இதையும் சொல்லி வைங்க. நீங்க சொன்னா கேப்பாரு.

நான் பள்ளிக்கூட டீச்சர். போகணும்னு ஆசையா இருக்கு, உக்கார்ற இடத்துல புண்ணு வருது, ராத்திரி பயமும் இருக்கு, கழிப்பிடம் என்ன பண்றதுன்னும் தெரியல. இதெல்லாம் யாரும் எழுத மாட்டேங்கிறாங்க.
— பேரையூர் வாசகி

நீங்க கேட்டது நல்லது டீச்சர், ஆம்பளைகளுக்கும் புண்ணு வரும், வெளிய சொல்ல மாட்டாய்ங்க. பஞ்சு வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ உள்ளாடை இல்லாம போடணும், மேல சுடிதாரோ லூஸ் பேண்ட்டோ போட்டுக்கங்க. தையல் ஓரம் உரசுற இடம் எல்லாம் கிளம்பும்போதே வாஸ்லின் தடவுங்க, நடு ராத்திரியில இன்னொரு தடவை. பழனிக்கு பாதயாத்திரை போறவங்க கால் விரலுக்கு நடுவுல தடவிக்கிட்டு நடப்பாங்க, அதே சங்கதிதான். அப்பயும் வலிச்சா சீட்டு உங்க இடுப்பெலும்புக்கு குறுகலா இருக்கு, அகலமானதுக்கு மாத்துங்க, மெத்துனு இருக்கிறது நல்லதுன்னு ஜெல் கவர் வாங்காதீங்க, அதுதான் நீள தூரத்துல உரசும்.

மாதவிலக்கு நாளுல வந்தா பேட் அந்த உரசலுக்கு ஆகாது, கப் பழகியிருந்தா சௌகரியம், இல்லாட்டி தேதிய தள்ளி வைக்கச் சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கழிப்பிடத்துக்கு ரூட்டுல பஸ் ஸ்டாண்டு, 24 மணி நேர பெட்ரோல் பங்க்குகள முன்னாடியே குறிச்சுக்கங்க, இது பயந்து தண்ணி குடிக்காம இருக்கிறதுக்கு மருந்து.

பயம்: முதல் தடவை தனியா போக வேணாம், இது பொம்பளைங்கிறதுக்காக இல்ல, யாரா இருந்தாலும் ரெண்டு பேரா போங்க. போன்ல லொகேஷன் ஷேரிங் போட்டு வீட்ல ஒரு ஆளு பாத்துக்கிட்டு இருக்கட்டும். கண்மாய்ப் பக்கம் இருட்டுக்குள்ள இருந்து திடீர்னு ஒரு டார்ச் உங்க முகத்துல அடிச்சு "யாரது"ன்னு ஒரு சத்தம் வரும், பதறாதீங்க, மீன் குத்தகை எடுத்தவங்க காவலுக்கு படுத்திருப்பாங்க, அவங்களுக்கு உங்களப் பாத்துத்தான் பயம். நின்னு, ஊர் பேரு சொல்லி, எங்க போறோம்னு சொன்னா முன்னாடி வழி எப்படின்னும் சொல்லுவாங்க.

பாம்பு? நாய்?
— கேக்காத ஆளே இல்ல

நாய் தான் அதிகம். ஊருக்குள்ள நுழையுறப்ப தொரத்துனா வேகம் எடுக்காதீங்க, இறங்குங்க, சைக்கிள உங்களுக்கும் அதுக்கும் நடுவுல வச்சு பைய நடங்க, முக்கால்வாசி நாய்க்கு நீங்க மனுசன்னு தெரிஞ்சதும் சுவாரசியம் போயிரும். கடிச்சுட்டா அங்கயே சோப்பும் ஓடுற தண்ணியும் வச்சு 15 நிமிஷம் கழுவணும், அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ அரசு ஆஸ்பத்திரியிலயோ ஊசி, கீறல்தானேன்னு விடக் கூடாது, ஓட்டத்த முடிச்சுட்டு பாத்துக்கலாம்னும் இருக்கக் கூடாது.

பாம்பு, ஓடுற சைக்கிள கடிக்க வராது. ஆபத்து நீங்க நிக்கும்போதும் படுக்கும்போதும்தான். கட்டுவிரியன் ராத்திரி திரியுற பாம்பு, தரையில படுத்திருக்கிறவங்கள கடிக்கும், கடி வலிக்கவே வலிக்காம இருக்கலாம், காலையில வயித்து வலி, கண் இமை தூக்க முடியாம தொங்குறதுன்னுதான் தெரியவரும். அதனால தரையில படுக்காதீங்க, பஸ் ஸ்டாப் திண்ணை, கோயில் மண்டபத்து மேடை, இல்லாட்டி தொங்குற தூளி, எதுவா இருந்தாலும் தரைக்கு மேல. வைக்கோல் படப்பு, செங்கல் குவியல் பக்கத்துல வேணாம். கழட்டி வச்ச ஷூவ தட்டிட்டு போடுங்க, தேளுக்காக.

கடிச்சுட்டா கயிறு போட்டு இறுக்கிக் கட்டுறது, கீறுறது, உறிஞ்சுறது மூணும் தப்பு. கடிபட்ட கை காலை அசைக்காம 108-ஐ கூப்பிட்டு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால பாம்ப அடிச்சு எடுத்துட்டுப் போறேன்னு இருட்டுல அது பின்னாடி திரியாதீங்க.

இதவிட எனக்கு பயம் ரெண்டு விஷயத்துக்கு. கைப்பிடிச் சுவரு இல்லாத தோட்டத்துக் கிணறு, அப்புறம் பன்னிக்கு வைக்கிற திருட்டுக் கரண்டு வேலி. அதனால ராத்திரி குறுக்கு வழின்னு எவன் தோட்டத்துக்குள்ளயும் இறங்காதீங்க, ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் பாதையிலயே ஓரமா போங்க.

சிறுமலை மேலயோ மேகமலைப் பக்கமோ ராத்திரியில போனா இன்னும் திரில்லா இருக்குமே?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

வேணாம்யா. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையுறது சட்டப்படி குத்தம், ராத்திரிக்கு அனுமதி கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. மேகமலை 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சிறுமலையில காட்டுமாடு ரோட்டுலயே நிக்கும், ஒரு டன்னுக்கு பக்கமா எடை வர்ற உருப்படி, உங்க சைக்கிள் பெல்லுக்கு அது ஒதுங்காது. 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத் தீயில மலையேறப் போன அத்தன பிள்ளைக செத்தது நம்ம ஜில்லாவுக்குப் பக்கத்துலதான், மறந்துறாதீங்க. நமக்குத்தான் கண்மாயும் கால்வாயும் கெடக்கே. 1895-ல திறந்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி வைகை வழியா பேரணைக்கு வந்து அங்க இருந்து கால்வாயா பிரிஞ்சு மேலூர் வரைக்கும் போகுது, அந்தக் கரையில ஜீப்பு போற பாதையே கிலோமீட்டர் கணக்கா இருக்கு. தண்ணி திறந்துவிட்ட மாசமா இருந்தா மட்டும் கரையோரம் ஒட்டிப் போகாதீங்க, அரிச்சிருக்கும்.

லைட்டு எம்புட்டு வேணும்? போன் சார்ஜ் தாங்குமா?
— மேலூர் வாசகர்

ரெண்டு லைட்டு. ஹேண்டில் பார்ல ஒண்ணு, ஹெல்மெட்ல ஒண்ணு. ஹெல்மெட் லைட்டு மட்டும் போட்டா கண்ணுக்கு நேரா வெளிச்சம் போறதால நிழலே விழாது, பள்ளமும் மேடும் ஒரே மட்டமா தெரியும், கலுங்கு, அதாவது கண்மாய் நிரம்பி தண்ணி வழியுற கல் கட்டு, வர்ற இடத்துல கரை பொசுக்குனு கீழ இறங்குறது தெரியாம அப்படியே போயி கல்லுல விழுவீங்க. ஹேண்டில் பார் லைட்டு கீழ இருக்கிறதால சின்னக் கல்லுக்கும் நீளமா நிழல் விழும், அத வச்சுத்தான் பாதைய படிக்கணும். திரும்புறப்பவும் பஞ்சர் ஒட்டுறப்பவும் ஹெல்மெட் லைட்டு. 500 லூமன் கிட்ட இருந்தா போதும், 1,200-ன்னு டப்பாவுல போட்டிருக்கிறது ரெண்டு மணி நேரத்துல அணைஞ்சுரும், நமக்கு வேண்டியது 12 மணி நேரம். கலுங்கு மேல தண்ணி ஓடி பாசி படிஞ்சிருந்தா என்ன லைட்டு இருந்தாலும் சரி, இறங்கித் தள்ளிட்டுப் போங்க.

பவர் பேங்க் 10,000 எம்ஏஹெச்னு போட்டிருந்தா போனுக்குள்ள போறது 6,000 சொச்சம்தான். போன ஏர்பிளேன் மோட்ல போட்டு, ஆஃப்லைன் மேப்ல ரூட்ட முன்னாடியே இறக்கி வச்சு, திரைய அணைச்சு வச்சா விடிய விடிய தாங்கும். ஒரு மணிக்கு ஒரு தடவை ஏர்பிளேன எடுத்து வீட்டுக்கு லொகேஷன் போயிடுச்சான்னு பாத்துட்டு திரும்ப போடுங்க. மேப்ல பாதை இருக்குன்னா தரையில இருக்கணும்னு இல்ல, போன மழையில கரை உடைஞ்சிருக்கும், எவனாவது வேலி போட்டிருப்பான், ராத்திரி போற துண்ட ஒரு தடவை பகல்ல போயிப் பாத்துட்டு வந்துருங்க.

பைக்பேக்கிங் பை எல்லாம் ஆயிரக்கணக்குல விக்குது. கட்டாயமா?
— சோழவந்தான் வாசகர்

இல்ல. தார்ப்பாய் தைக்கிற கடையில ஃபிரேம் முக்கோணத்துக்கு அட்டை வெட்டிக் குடுத்தா ரெக்சின்ல தச்சுக் குடுத்துருவாங்க. தண்ணி, டூல்ஸ் மாதிரி கனமான சாமான் எல்லாம் அந்த நடுப் பைக்குள்ள, சட்டை, போர்வை மாதிரி லேசானது சீட்டுக்குப் பின்னாடி. பின்பக்கம் கனம் ஏறுனா மண்ணுல வாலாட்டிக்கிட்டே போகும். கட்டுறதுக்கு பழைய டியூப்ப நீளமா வெட்டுன வாரு, அத விட இறுக்கமா எந்த கம்பெனி ஸ்ட்ராப்பும் பிடிக்காது.

ராத்திரி மூணு மணிக்கு தூக்கம் வந்தா?
— உசிலம்பட்டி வாசகர்

வந்தான்னு என்ன, வரும். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒடம்பே தூங்குன்னு சொல்ற நேரம், கண்ணு திறந்திருக்கும்போதே ரெண்டு செகண்டு தூங்கிருவீங்க, மரம் எல்லாம் ஆளு மாதிரி தெரியும். பாட்டு போட்டு, முகம் கழுவி சமாளிக்கிறது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒரு காப்பி குடிச்சுட்டு உடனே 20 நிமிஷம் அலாரம் வச்சுப் படுங்க, காப்பி வேலை செய்ய ஆரம்பிக்கவும் அலாரம் அடிக்கவும் சரியா இருக்கும். முடிச்சுட்டு வீட்டுக்கு பைக்கோ காரோ ஓட்டிட்டுப் போகாதீங்க, வேற யாராவது வந்து கூட்டிட்டுப் போகட்டும், அதுக்கு மட்டும் விதியில தடை இல்ல.

எப்ப பாதியில நிறுத்தணும்? விட்டுட்டா கேவலமா இருக்காதா?
— திருமங்கலம் வாசகர்

ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு வரலையா, குடிச்ச தண்ணி எல்லாம் வாந்தியா வருதா, நெஞ்சு வலியா, தலை அடிபட விழுந்தீங்களா, நேராப் பேச முடியாம உளறுறீங்களா, இதுல ஒண்ணு இருந்தாலும் நிறுத்தணும், இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. கால் வலி, சலிப்பு, கடுப்பு, "எதுக்குடா வந்தோம்" இதெல்லாம் காரணமே இல்ல, விடிஞ்சா போயிரும், அதனால ராத்திரி ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள முடிவு எடுக்காதீங்க. 50 வயசத் தாண்டுனவங்க, சுகர், பிரஷர் இருக்கிறவங்க பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டிருங்க.

ரூட்டுல 25, 30 கிலோமீட்டருக்கு ஒரு இடம், அங்க இருந்து தார் ரோட்டுக்கு ஏறி ஊர் வந்து சேரலாம்ங்கிற மாதிரி குறிச்சு வைங்க, முதல்ல கேட்ட தம்பியோட ரூட்டுன்னா சோழவந்தான், ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி. ராத்திரி பஸ்ஸுல சைக்கிள ஏத்தச் சொல்லி கண்டக்டர்கிட்ட மல்லுக்கு நிக்கிறதுக்கு, தெரிஞ்ச குட்டியானை டிரைவர் ஒருத்தர்ட்ட முன்னாடியே பேசி நம்பர் வாங்கி வச்சுக்கங்க. நடுராத்திரி கூப்பிட்டா வாடகை கூடத்தான் கேப்பாரு, பேரம் பேசாதீங்க.